நான்காவது கட்டம்

பலதுறைத் தொழிற்கல்லூரி நேர்முகத்தில் மூன்று பேர்.
நடுவில் இருந்தவர் கேட்டார்,
வரைந்த படங்கள் எங்கே என்று.
நான் நீட்டியது நாற்பது பக்கம், எல்லாம் எழுத்து.
புரட்டினார். ஒரு தாளைத் திருப்பியும் பார்த்தார்,
பின்பக்கம் ஏதாவது இருக்குமென்று.
"காமிக்ஸ் என்றால் வரையணுமே."
சொன்னதில் கோபம் இல்லை.
லிஃப்டுக்குள் காலை வைப்பவனிடம்
இது கீழே போகுது என்பதுபோல்.

எனக்குக் கோடு வராது.
வட்டம் போட்டால் உருளைக்கிழங்கு.
ஒருமுறை குதிரை வரைந்தேன்,
தம்பி கட்டில் என்றான்.
தலையணை எங்கே என்றும் கேட்டான்.

விசாரித்துக்கொண்டே இருந்தேன்.
தனியார் ஓவியக் கல்லூரியில் முதல் வருடம் முழுக்க
கை, கால், விலா எலும்பு.
கட்டணத்தைக் கேட்டதும் வாய் உலர்ந்தது.
இலக்கியம் படியேன் என்றாள் சுகிர்தா.
திரைக்கதை படிக்கலாம் என்றது ஒரு கையேடு,
கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில்.
ஈசூன் சமூக மன்றத்தில் புதன் இரவு வகுப்பு,
எட்டு வாரம். போனேன்.
சிறுகதை சொல்லிக்கொடுத்தார்கள்.
என் கதையில் வருணனையே இல்லையாம்.
எப்படி இருக்கும்?
அதையெல்லாம் படம் பார்த்துக்கொள்ளும் என்று
விட்டுவைத்திருந்தேன்.

சோறு போடுவது வேறு வேலை.
மின்தூக்கி நிறுவனத்தில் அவசர அழைப்பு மேசை,
இரவு பத்து முதல் காலை ஏழு.
தீவில் எங்காவது ஒரு பெட்டி
ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் நின்றுவிடும்.
யாரோ பொத்தானை அமுக்க,
என் காதில் ஒரு குரல் விழும்.
முகம் கிடையாது.
எத்தனை பேர்? விளக்கு எரிகிறதா?
கதவிடுக்கில் என்ன தெரிகிறது?
சுவர், என்கிறாள் ஒருத்தி. வெறும் சுவர்.
மீன் வாங்கி வந்தேன், ஐஸ் உருகுது என்கிறார் ஒருவர்.
உட்லண்ட்ஸிலிருந்து ஒரு பையன்
பதினோரு நிமிடம் ஒன்றுமே சொல்லவில்லை.
மூச்சு மட்டும்.
நானும் அவனோடு சேர்ந்து மூச்சு விட்டேன்.

நாலு சுவர், ஓர் ஆள்,
தலைக்கு மேலே கொஞ்சம் பேச்சு.
விடிகாலை முதல் பேருந்தில்தான் உறைத்தது,
சம்பளமும் வாங்கிக்கொண்டு
நான் எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறேன் என்று.

ஹைக்கல் இருப்பது தெம்பனிஸில்.
பகலெல்லாம் பல் மருத்துவமனைச் சுவரொட்டிகளுக்குக்
கடைவாய்ப் பல் வரைகிறான், சிரிக்கிற பல், அழுகிற பல்.
தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதிய எட்டுப் பக்கத்தை
அவனுக்கு அனுப்பினேன்.
ஒரு வாரம் கழித்து:
"மூன்றாம் கட்டத்தில் உன் ஆள்
கதவைத் திறக்கிறான், அழுகிறான், உட்காருகிறான்.
ஒரு படத்துக்கு ஒரு நொடிதான்.
எது வேண்டும்?"

இரண்டு நாள் அந்தக் கேள்வியோடு கோப்பி குடித்தேன்.
உட்காரட்டும் என்றேன்.
அப்போ அழுகை?
கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில்
ஒரு வெள்ளைச் சந்து ஓடுகிறதே,
அங்கே அழுதுகொள்ளட்டும். யாரும் பார்க்க வேண்டாம்.

பதிலுக்கு அழுகிற பல் ஒன்றை அனுப்பினான்.
சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

இப்போது அந்தப் பையனை எழுதுகிறேன்.
கட்டம் ஒன்று: புத்தகப்பை, கால்கள்.
கட்டம் இரண்டு: ஆறாம் எண் எரிந்து அணைகிறது.
கட்டம் மூன்று: ஒலிபெருக்கியின் சின்னச் சின்ன ஓட்டைகள்,
அதிலிருந்து என் குரல், ஒரே வரி.
கட்டம் நான்கு: இருட்டு. பேச்சுக் குமிழி வேண்டாம்.
நாலாவதை ஆறு தடவை அடித்து எழுதினேன்,
முதலில் இருந்த தொண்ணூறு சொல்லில்
மிஞ்சியது மூன்று.

ஹைக்கல் கேட்டான்:
"வெறும் கறுப்புதானே?
இதை நீயே வரையலாமே."

மேசைமேல் கறுப்பு மார்க்கர் கிடந்தது.
அழைப்பு வராத மூன்று மணி.
நாக்கைக் கடித்துக்கொண்டு தேய்த்தேன்.
இரண்டு இடத்தில் கோட்டைத் தாண்டிப் போயிற்று.
படமெடுத்து அனுப்பினேன்.

காலையில் பதில் வந்திருக்கிறது:
விளிம்பு சரியில்லை. திரும்பப் போடு.